சண்டை நிபுணருக்கு நன்னடத்தைச் சான்று

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் குடியுரிமையையும் வழக்கு உண்டா என்பதையும் மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விதி. தொலைந்த பத்திரத்துக்குப் புகார் கொடுக்க எங்கள் வட்டாரக் காவல் நிலையத்தில் காத்திருந்தேன். எனக்கு முன்னே பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஒரு பெண்ணும், அவருக்குச் சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரரும் நின்றிருந்தார்கள்.

"இந்தம்மா இன்னா வேல பாக்குறாங்க?" என்றார் ஏட்டு.

"முன்ன பேப்பர்ல இருந்துச்சு சார், சண்ட நடக்குற எடமா பாத்துப் போவும். இப்ப வூட்லயே குந்திகினு, எந்த நாட்ல சண்ட வரும்னு முன்னாடியே எழுதுது. ஒண்ணுகூட தப்புனதில்ல!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர் பெருமையாக.

ஏட்டு பேனாவை மூடினார். "அப்ப நம்ம லிமிட்ல அடுத்த சண்ட எப்பம்மா?"

அந்தப் பெண் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை மீன்பிடித் தடைக்காலம் முடியுது சார். அத்தன போட்டும் ஒரே நாள்ல ஐஸ் ஏத்தும். ஐஸ் பத்தாது. மீன்பிடி ஆர்பர்ல சண்ட வரும்."

"வரட்டும். பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுறேன்."

"சார், சண்ட நடக்குற ஒரு நாட்டுக்குப் போகத்தான் பாஸ்போர்ட் கேக்குறேன், அங்க சமாதானப் பேச்சு இந்த வெள்ளிக்கிழமை. ரெண்டு தரப்பும் என் பேரச் சொல்லிக் கூப்ட்டிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்மா."

என் பத்திரம் தொலைந்ததற்கான சான்றிதழ் வாங்க நான் சில வாரம் கழித்து மறுபடி போனபோது பக்கத்து வீட்டுக்காரர் ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஆர்பர்ல நீங்களே பாத்தீங்க, மண்டை உடைஞ்சிச்சு. பாஸ்போர்ட்டும் வந்துச்சு சார், பேச்சு முறிஞ்சு அந்த நாட்ல குண்டு போட்ட அன்னிக்கு."