நூல் கோக்காத ஆறு மாதம்

"ஆறு மாசமா ஊசியில நூலே கோக்காம தைச்சேன்டி" என்று ஒரு குரல் சொன்னதும்தான் நான் காதைக் கொடுத்தேன்.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் திருப்பூர் பனியன் கம்பெனியை விட்டுப் போன வாரம்தான் திரும்பியிருக்கிறாள். இளையவள் மடியில் தையல் பயிற்சி மையத்தின் விண்ணப்பம்.

"நூல் இல்லாம எப்படிக்கா?"

"நீ சேரப்போற அதே சென்டர்லதான். நூலு, துணியெல்லாம் இன்ஸ்பெக்சனுக்கு வேணும்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. பவர் மிஷினுக்குக் கரண்டே இழுக்கல. கையால வீலச் சுத்தி, பேப்பர்ல ஓட்டை போட்டுப் பழகுனோம்."

"அப்ப கம்பெனியில?"

"சுவிட்சப் போட்டுப் பெடல்ல கால வச்சேன். துணி எங்கிட்டோ போயிருச்சு. சூப்பர்வைசர் சர்டிபிகேட்ட ஒரு தடவ பாத்தாரு, என்னைய ஒரு தடவ பாத்தாரு. மறுநாளே, அடுத்தவங்க தைச்ச துணியில பிசிறு வெட்டப் போட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் கத்திரிக்கோலுதான்."

இளையவள் விண்ணப்பத்தை நான்காக மடித்தாள்.

"சென்டர் வாசல்ல ஒங்க போட்டோவத்தான்க்கா பெருசா வச்சிருக்காங்க. மிஷின்ல ஒக்காந்து சிரிக்கிறீங்க. அதப் பாத்துத்தான் நானும் சேரலாம்னு கெளம்புனேன்."

"கிட்டப் போய்ப் பாரு. அதுலயும் நூல் இருக்காது."



"இத விட்டா வேற எங்கிட்டுக்கா போறது?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுக்கோட்டையில் நான் இறங்கும்போது, இளையவள் அந்தத் தாளைப் பிரித்து, மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.