நொச்சி வேலி வீடு

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ் பழங்காநத்தத்தில் இரைத்துக்கொண்டு நின்றபோது, முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

"வேலியைப் பாத்துத்தான்க்கா மகளைக் குடுத்தேன்."

"வேலியையா?"

"ஆமாக்கா. மாப்பிள்ளை வீடு பாக்கப் போனப்ப மழை பிடிச்சுக்கிட்டு அங்கனயே தங்கிட்டோம். கண்மாய்க்கரை வீடு, ஒரு கொசு கடிக்கலையே! சம்பந்தியம்மா வேலி பூராம் நொச்சியா வளத்திருக்கா. பொழுது சாஞ்சா அந்தத் தழையிலயே புகைமூட்டம் போடுறா. வருசா வருசம் குளிர்காய்ச்சல்ல கெடந்த எம்மக, இப்ப எம்புட்டுத் தெளிச்சியா இருக்கா தெரியுமா!"

"மாப்பிள்ளை எப்படி?"

"அவரு ராத்திரி வந்துட்டு வெள்ளன வயலுக்குப் போயிட்டாராம். நான்தான் அசந்து தூங்கிட்டேனே! தாலி கட்டுறப்பத்தான் மொகத்தைப் பாத்தேன்."

மூத்தவள் சிரிக்கவில்லை. "அந்தம்மாவுக்கு இன்னொரு மகன் இருக்காரா?" என்று கேட்டாள்.