இரண்டாவது ஆம்ப்ளிஃபயர்

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் வாட்ஸைப் பார்த்து ஏமாறக் கூடாது. வாட்ஸ் எல்லாம் கல்யாண வீட்டு மைக் செட்டுக்காரனுக்கு. வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவன் பார்க்க வேண்டியது, அது சும்மா இருக்கும்போது எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதைத்தான். நேற்று இன்ஸ்பெக்டர், "இன்னாய்யா, ஒரு ரேடியோ பொட்டிக்காகவா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டு வாங்கினேன்.

உத்திரமேரூரில் முப்பது வருஷம் ரைஸ் மில் நடத்தின ஜெகதீசன் நான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை காதில் இரும்பு ஓடும். மில்லைக் கைமாற்றிவிட்டு, வீட்டில் தனியாக ஒரு அறை கட்டி, நல்ல ஸ்பீக்கராக வாங்கிப் போட்டேன். வாழ்க்கையில் நான் கேட்டது அந்த ஒரு அறைதான். அதுவும் தெய்வத்துக்குப் பொறுக்கவில்லை. என் மனைவி ஆதிலட்சுமிக்கு நுரையீரல் சுருங்கிப்போனது. அவள் தம்பி பச்சமுத்து ஒரு ஆக்சிஜன் மெஷினைக் கொண்டுவந்து பக்கத்து அறையில் வைத்தான். யாரைக் கேட்டு வைத்தான்? டுப், புஸ். டுப், புஸ். இரண்டு வருஷம். நாதஸ்வரத்துக்கு நடுவே டுப், தம்புராவுக்கு நடுவே புஸ். "மாமா, அது அக்காவோட மூச்சு" என்பான். நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போவது எங்கள் ஊரில் சகஜம். அவள் அறைக்கு வருகிற ஃபேஸ் போனால் மெஷின் நின்றுவிடும். அவள் எவர்சில்வர் டம்ளரால் கட்டிலைத் தட்டுவாள். நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டரைத் திறந்துவிடுவேன். அதைத் திருகுகிற பலம் அவள் கையில் இல்லை. ஒரு தடவைகூட நான் போகாமல் இருந்ததில்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் கடைக்காரர் இரண்டு பவர் ஆம்ப்ளிஃபயர் அனுப்பி, கேட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திங்கட்கிழமை திருப்பச் சொன்னார். அந்த மெஷின் ஓடுகிற வீட்டில் எதைக் கேட்டு எதைத் தேர்ந்தெடுப்பது? ஞாயிறு மத்தியானம் சாப்பாடானதும், ஹால் போர்டில் அவள் அறை ஸ்விட்சை இறக்கினேன். ரெக்கார்டில் ஒரு பக்கம், இருபது நிமிஷம். முதல் ஆம்ப்ளிஃபயரில் கேட்டேன். நல்ல கனம். ஆனால் பாட்டு அடங்குகிற இடத்தில் அடியில் ஒரு இரைச்சல்.

முடிந்ததும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஃபேஸ் போயிடுச்சா? தட்டிக்கினே இருந்தேங்க. கேக்கலியா?"

"கேக்கல," என்றேன். அது சத்தியம்.

எனக்கு அந்த முதல் ஆம்ப்ளிஃபயர்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. பெண்டாட்டி தட்டுவதை மறைக்கிற சாமானை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது? நாளைக்கு நிஜமாகவே ஃபேஸ் போனால்? அவள் தட்டினால் கேட்கிறதா என்று இரண்டாவதையும் பார்த்தாக வேண்டும். அவளுக்காகத்தான். மறுபடி ஸ்விட்சை இறக்கினேன். அதே ரெக்கார்டு, அதே பக்கம்.

அன்றைக்கு எந்த ஃபேஸும் போகவில்லை என்று பச்சமுத்து கரண்ட் ஆபீசில் எழுதி வாங்கி வந்திருக்கிறானாம். வாங்கட்டும். நானே சொல்கிறேன், ஸ்விட்சை இறக்கியது நான்தான், இரண்டு தடவையும். இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறார்: "அந்தம்மா தட்னது உன் காதுல வுழலியா?"

விழாமல் என்ன? நாதஸ்வரம் இறங்கி இறங்கி ஓய்கிற இடம். இரைச்சல் துளி இல்லை. டம்ளர் கட்டிலில் பட்டது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு அது தரையில் விழுந்து உருண்டதும் கேட்டது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். பாட்டு முடிந்ததும் முதல் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியில் கட்டி வைத்தேன். அதன்பிறகு ஸ்விட்சைப் போட்டேன். இனிமேல் நீ தட்டினால் எனக்குக் கேட்கும் என்று அவளிடம் சொல்லத்தான் உள்ளே போனேன்.