ஒன்பதாவது உறை

எனக்கு மாடியில் ஆள் குடியிருப்பது பிடிக்கும். தலைக்கு மேல் நாற்காலி இழுபடும், மிக்சி ஓடும், யாராவது செருப்பைத் தேடிக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பார்கள். அதெல்லாம் கேட்டால்தான் வீடு வீடாக இருக்கும். கல்யாணம் ஆன கையோடு மெர்வினுக்கும் டார்லினுக்கும் மாடியைக் கொடுத்தபோது நான் முன்பணம்கூடக் கேட்கவில்லை என்பதை உங்கள் தலைமைக் காவலர் ஏதோ பெரிய துப்பு கிடைத்த மாதிரி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். உண்மைதான், கேட்கவில்லை. அவர்கள் என் காதுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் எனக்குப் போதும்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று அடம்பிடித்ததற்கும் அவர்தான் காரணம். நேற்று நான் சொல்லச் சொல்ல எழுதியவர், கணக்கு வருகிற இடத்தையெல்லாம் தாண்டிப் போய்விட்டார். கணக்கை எடுத்துவிட்டால் நான் ஏதோ புறணி பேசிக் குடும்பத்தைக் கெடுத்த கிழவன் போலத் தெரிகிறேன். அப்படி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

என் பெயர் பாக்கியசீலன். வயது ஐம்பத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பதினோரு வருடங்களாக எங்கள் சபையில் திருமண ஆலோசகர். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பே அந்த ஜோடி ஆலோசகரிடம் வந்து போக வேண்டும். முதலில் சேர்ந்து, பிறகு தனித்தனியாக. தனியாகச் சொன்னதை ஆலோசகர் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. நான் சொன்னதே இல்லை. எதையெல்லாம் நான் செய்தேன் என்று நீங்கள் பட்டியல் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது ஜாதகப் பொருத்தம் மாதிரியா என்று கேட்டீர்கள். இல்லை. ஜோடியை உட்காரவைத்து, அவர்களுக்குள் ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்வேன். அதைப் பதிவு செய்வேன். பதிவு செய்வதை அவர்களிடம் சொல்வதில்லை, சொன்னால் ஒழுங்காக நடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு பேச்சுக்கும் மதிப்பெண் போடுவேன். அன்பு, நகைச்சுவை என்றால் கூட்டல் நான்கு வரை. எரிச்சல், ஏளனம் என்றால் கழித்தல் நான்கு வரை. அவன் சொன்னது அவளுடைய அடுத்த பேச்சை எவ்வளவு இழுக்கிறது, அவள் சொன்னது அவனை எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு இரண்டு சமன்பாடுகள். கடைசியில் இரண்டு கோடுகள் கிடைக்கும். இரண்டும் மேலே போனால் தாக்குப்பிடிப்பார்கள். கீழே போனால் பிரிவார்கள், எந்த வருடத்துக்குள் என்பதும் தெரிந்துவிடும். நேற்று நீங்கள் உங்கள் மனைவியிடம் போனில் நான்கு நிமிடம் பேசினீர்கள். நீங்கள் கேட்காதவரை அந்த எண்ணைச் சொல்ல மாட்டேன்.

முடிவை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தேதி போட்டு பீரோவில் வைப்பேன். நாற்பது ஜோடிகளில் ஒன்பது ஜோடி பிரியும் என்று எழுதியிருந்தேன். எட்டு ஜோடி பிரிந்துவிட்டது. கல்யாண மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர்கள்தான் எல்லோரும். மதுரையில் ஒரு கருத்தரங்கில், இந்த முறை இதுவரை ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை என்று நான் சொன்னபோது அரங்கமே எழுந்து நின்றது. ஒன்பதாவது உறையில் மெர்வின், டார்லின் என்று எழுதியிருந்தது. நான்கு வருடத்துக்குள் என்றும்.

நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதையும் கேட்டீர்கள், அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு வரன் வரும் என்று வைத்துக்கொண்டால், முதல் நான்கு பேரை யோசிக்காமல் தள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்த நான்கு பேரையும்விடச் சிறந்தவள் வந்தால் உடனே சம்மதிக்க வேண்டும். எனக்கு இரண்டாவதாக வந்த பெண்ணைவிடச் சிறந்தவள் பிறகு வரவில்லை. முறை சரியானது. விடை எனக்குச் சாதகமாக அமையவில்லை, அவ்வளவுதான்.

மெர்வின் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். டார்லின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவன் அவளுக்கு அத்தை மகன், சின்ன வயதிலிருந்தே வா போ என்றுதான் பேச்சு. என் எதிரே உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு மாஞ்சோலை மலைக்குப் போவதைப் பற்றி அவர்கள் போட்ட சண்டை இன்னும் பதிவில் இருக்கிறது.

"அந்த பஸ்ல ஏறுனா எனக்கு வாந்தி வரும்னு தெரியும்லா, கோட்டி."

"ஜன்னல் சீட்டு பிடிச்சுத் தாரேன்."

"நீ பிடிப்ப. நான் ஒன் மேலதான் எடுப்பேன் பாத்துக்க."

கோட்டி என்றால் எங்கள் பக்கத்தில் பைத்தியம். வருங்காலக் கணவனை ஒரு பெண் பதினைந்து நிமிடத்தில் பதினோரு தடவை பைத்தியம் என்கிறாள். நான் பின்பற்றிய அமெரிக்கப் பாடநூலில் அதற்கு ஒரே பெயர்தான், ஏளனம். பதினொன்றுக்கும் கழித்தல் நான்கு போட்டேன். கோடுகள் கிணற்றுக்குள் வாளி இறங்குவது போல இறங்கின.

தனியாக வந்தபோது டார்லின் ஒரு விஷயம் சொன்னாள். கல்லூரியில் படிக்கும்போது சேரன்மகாதேவிக்காரன் ஒருவனோடு பழக்கம், பெயர் இசக்கிமுருகன். ஒரு வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதோடு முடிந்தது. மெர்வினிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். ஆண்டவர் மன்னித்ததை மனுஷன் கிளறக் கூடாது மகளே என்றேன். பிறகு மெர்வின் வந்தான்.

"எனக்கு வேற ஒண்ணும் இல்ல சார். எங்கிட்ட பொய் மட்டும் சொல்லக் கூடாது. எங்க அப்பா எங்க அம்மாட்ட இருவது வருசமா பொய் சொல்லியிருக்காரு. அதப் பாத்து வளந்தவன் நான்."

நல்ல பிள்ளை, ஜெபம் பண்ணிக்கொள் என்று அனுப்பினேன். மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில்தான் இருந்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. ஆய்வில் இருப்பவர்களை ஆய்வாளர் எச்சரிக்கக் கூடாது.

மூன்று வருடம் போனது. அவர்கள் பிரிகிற வழியாக இல்லை. அவள் துணி காயப்போட்டுக்கொண்டே கத்துவாள், இவன் பதிலுக்குப் பாடுவான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை ஒரு கிண்ணத்தில் எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, படியேறும்போதே அடுத்த சண்டையைத் தொடங்கிச் சிரிப்பார்கள். எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். கல்யாணம் ஆகி மூன்று வருடத்துக்குப் பிறகு மனிதர்கள் இப்படிச் சிரிக்கத் தேவையில்லை.

யோசித்துப் பார்த்ததில் தவறு என்னிடம்தான் என்று தெரிந்தது. சொல்லாதே என்று டார்லினிடம் சொன்னவன் நான். இயல்பாக விழவேண்டிய சுவருக்கு நான் முட்டுக் கொடுத்திருக்கிறேன். என் கையை நான் எடுத்துக்கொள்வதில் என்ன குற்றம் இருக்க முடியும்?

ஒரு சாயங்காலம், பைக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்த மெர்வினைக் கூப்பிட்டேன். இசக்கிமுருகன் என்று ஒரு பையன், சேரன்மகாதேவியாம், டார்லினைக் கேட்டு வந்தான், வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அனுப்பிவிட்டேன் என்றேன்.

"யாரு சார் அது?"

"எனக்கு எப்படிப்பா தெரியும். அவகிட்ட கேட்டுராத, சங்கடப்படுவா."

யாரும் வரவில்லை என்பதை நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள். அந்த இசக்கிமுருகன் ஆறு வருடமாகக் கோயம்புத்தூரில் லாரி ஓட்டுகிறான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க அவசியமும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவன் இரண்டாவது முறை வந்தான் என்றேன். அதற்கு மேல் மெர்வினால் டார்லினிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஞாபகம் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று அவனிடம் மழுப்பிவிட்டு, டார்லின் நேரே கீழே என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அவன் நெசமாவே வந்தானா? இத்தன வருசம் கழிச்சு எதுக்கு வாரான்? அத்தான்ட்ட எல்லாத்தையும் சொல்லிரட்டுமா?"

"இப்ப சொன்னா, இவ்வளவு நாள் ஏன் சொல்லலன்னு கேப்பான். அப்படி ஒரு ஆளையே தெரியாதுன்னு சொல்லிரு மகளே."

"பொய்லா அங்கிள் அது."

"சமாதானத்துக்காகச் சொல்லுதது."

அவள் மாடிக்குப் போய் அப்படியே சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, மோசமாகச் சொல்லியிருப்பாள். அடுத்த வாரம் மெர்வின் வந்து என் கதவருகே நின்றான். பத்து நாளாகச் சவரம் செய்யவில்லை.

"சார், ஓலை வாசிக்கதுக்கு முன்னால அவ ஒங்ககிட்ட தனியா பேசுனாள்லா. அதுல அந்தப் பேரு வந்துச்சா?"

"அதை நான் சொல்லக் கூடாது மெர்வின்."

நான் சொன்னது அவ்வளவுதான். சபை விதியை இம்மிகூட மீறவில்லை. அவன் திரும்பி மாடிப்படி ஏறினான். அதன் பிறகு மாடியில் சத்தம் இல்லை. செருப்பைக்கூட ஓசையில்லாமல் கழற்றினார்கள்.

சேரன்மகாதேவியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், வா, அவன் வீட்டுக்கே போய்க் கேட்போம் என்று அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஆற்றங்கரைப் பக்கம் நிறுத்தச் சொல்லி அவள் இறங்கி, படித்துறையில் நின்று அழுதிருக்கிறாள். அவன் கையைப் பிடித்து இழுக்க, அவள் உருவிக்கொள்ள, கடைசிப் படி பாசி. தலை கல்லில் பட்டு ஆற்றில் விழுந்தாள். அவனும் குதித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த இடத்திலிருந்து இசக்கிமுருகன் வீடு பத்து நிமிடம். போயிருந்தால், அவன் ஊரிலேயே இல்லை என்று அவன் அம்மா சொல்லியிருப்பாள். இதை நீங்கள் என்னிடம் இரண்டு தடவை சொன்னீர்கள். முதல் தடவையே எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அதற்கு முன் மாஜிஸ்திரேட்டிடம் அவள் சொன்னதையும் வாசித்துக் காட்டினீர்கள். 'அத்தான் தள்ளல. நாந்தான் கைய உருவுனேன். நான் பொய் சொன்னது தப்பு. அவர ஒண்ணும் செஞ்சுராதீங்க.' அப்படியும் அவளுடைய அப்பா கிருபைராஜ், சொந்தத் தங்கை மகன் என்றும் பாராமல் புகார் கொடுத்து, அவனை உள்ளே தள்ளியிருக்கிறார். மெர்வின் ஜாமீன்கூட வேண்டாம் என்கிறானாம். நான் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். ஒரு வேதபகுதி வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன்.

இனி அஸீலா. மேலப்பாளையத்துப் பெண், என்னிடம் ஆராய்ச்சி செய்கிறாள். என் அறையிலிருந்த நோட்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். இசக்கிமுருகன் எந்தெந்தத் தேதியில் வந்ததாக யாரிடம் சொன்னேன், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் அதில் ஒழுங்காக எழுதியிருந்தேன். ஆய்வுக்குக் குறிப்பு வேண்டும். ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை என்ற கோபத்தில் செய்திருக்கிறாள் என்று நேற்று சொன்னேன். அவள் ஒரு நாள் மெர்வின், டார்லின் பதிவைக் கேட்டுவிட்டு, நான் போட்ட மதிப்பெண்கள் தப்பு என்று ஒரு தாளை நீட்டினாள்.

"சார், இது ஏளனம் இல்ல, கொஞ்சுதாவ. எங்க உம்மா எங்க வாப்பாவ ஒரு நாளைக்கு இருவது தடவ கோட்டிங்காவ. நாப்பது வருசமாச்சு, அவுகள விட்டு ஒரு நேரம் சாப்பிட மாட்டாவ."

"உங்க வீட்டுக் கதைய ஆய்வுல சேக்க முடியாதும்மா."

"சிரிப்பக் கேட்டுப் பாருங்க சார். அவன் சிரிக்கான். ஒவ்வொரு தடவையும் சிரிக்கான்."

வெளியே போ என்றேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் நேற்று நான் பதில் சொல்லவில்லை. அஸீலா அந்தத் தாளைக் கொடுத்த தேதியும், என் நோட்டில் இசக்கிமுருகனைப் பற்றிய முதல் குறிப்பின் தேதியும் ஒன்றாக இருப்பது எப்படி என்று கேட்டீர்கள். ராத்திரி முழுக்க யோசித்தேன். மறைத்தால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் பதிவை முதலிலிருந்து கேட்டேன். மதிப்பெண்களை நானே மாற்றிப் போட்டேன். அஸீலா கூட்டலில் ஒரு சின்னப் பிழை விட்டிருந்தாள், அதையும் திருத்தினேன். இரண்டு கோடுகளும் மேலே போயின. என் நாற்பது ஜோடிகளில் வேறு யாருக்கும் அவ்வளவு உயரம் போகவில்லை. சாகும்வரை இவர்கள் பிரிய மாட்டார்கள் என்பதுதான் விடை. என் முறை அப்போதும் பொய்க்கவில்லை. உறையை மாற்றி எழுதினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

வாசலில் மெர்வின் பைக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து அவள் ஏதோ கிண்டலாகச் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கதவைத் திறந்து அவனைக் கூப்பிட்டேன்.