ஐந்து வரை தாங்கும்

என் வேலை என்னவென்று என் மாமனாருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. "பாடம் நடத்துறீங்களா மாப்ளே?" என்பார். இல்லை, கல்வியில் மற்றவர்கள் செய்யும் ஆய்வு சரியான முறையில் நடக்கிறதா என்று பார்க்கிறேன் என்பேன். "அப்ப சமைக்கவும் மாட்டீங்க, சாப்பிடவும் மாட்டீங்க, உப்பு மட்டும் பாப்பீங்க" என்று சிரிப்பார். துறையில் எனக்குத் தராசு என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு சரக்கு வைத்திருந்தார்கள். என்னிடம் முறை மட்டும்தான். அதைக் குறையாக நினைத்ததே இல்லை என்று சொன்னால் பொய்.

இது என் பெயரில் வந்த முதல் ஆய்வு, ஐயா. ஒரு பள்ளியில் புதிய வாசிப்புப் பயிற்சி, இன்னொன்றில் எல்லாம் பழையபடி. ஒப்பிட வேண்டுமென்றால் பழையபடி நடக்கும் பள்ளியில் ஓராண்டு எதுவும் மாறக் கூடாது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வினாத்தாளின் கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பள்ளியில் பதினேழு பிள்ளைகள் அதில் 'செவுரு ஆடுது' என்று எழுதியிருந்தார்கள். வாசிப்போடு சம்பந்தமில்லாத பதிலுக்கு ஒன்பது என்று குறியிடுவது வழக்கம். பதினேழுக்கும் ஒன்பது போட்டேன்.

பிறகு தலைமையாசிரியையே போன் செய்தார். "சார், பின்சுவர்ல விரிசல் பெருசாயிட்டே போகுது. பசங்கள கூடத்துக்கு மாத்திடட்டுமா? உங்க ஆய்வுக்கு ஒண்ணும் ஆகாதே?" கூடத்தில் வெளிச்சமும் அதிகம், சத்தமும் அதிகம். ஒப்பீடு கெட்டுப்போகும். "மூணே வாரம் பொறுங்கம்மா, கடைசித் தேர்வு முடியட்டும்" என்றேன். நல்ல மனுஷி, கேட்டுக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. பிள்ளைகளை அந்த அறையில் உட்கார வைத்தது நான்தான். உங்கள் விசாரணை அறிக்கையில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் சுவர் விழுந்தது. பதினோரு பிள்ளைகள். போய்ப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. திரும்பி வந்து தாள்களைப் புரட்டினேன். பதினோரு பேரில் எட்டுப் பேர் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தவர்கள்.

நடுவில் விடுபடுகிற பிள்ளைகளை எங்கள் தொழிலில் இழப்பு என்போம். ஐந்து சதவீதம் வரை ஆய்வு தாங்கும். இரண்டு பள்ளியும் சேர்த்து இருநூற்று எழுபத்தைந்து பேர். பதினொன்று என்பது நாலு சதவீதம்தான். அன்று மாலையே பார்த்துவிட்டேன். நல்லவேளை, ஐயா, ஆய்வுக்கு ஒன்றும் ஆகவில்லை.