கோழி விட்டுவைத்த தாமரை

என் 1962ஆம் ஆண்டு டயறியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, “பஸ்ஸில் கேட்டது” என்றொரு குறிப்பு இருக்கிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவரின் மடியில், ஆண்கள் உடுக்கும் கட்டம்போட்ட சறத்தையும் வெள்ளை வேட்டியையும் துண்டு துண்டாகப் பொருத்திய குழந்தை விரிப்பு.

“தாமரையைக் கோழி திண்டிட்டுது, மச்சாள்.”

“என்னடி கதை இது?”

“மேல்தையலுக்கு அடையாளமா அரிசிமாவைக் கரைச்சு முழுக்கத் தாமரை கீறி, காய முத்தத்திலை விரிச்சிட்டுக் குசினிக்குப் போனனான். சறத்துண்டிலை இருந்ததெல்லாத்தையும் கொத்திப்போட்டுது. வெள்ளையிலை வெள்ளைமா அதுக்குத் தெரியேல்லை, விட்டிட்டுது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் பேரனைப் பாக்க வருகினம். இனி என்னத்தைத் தைக்க?”

மச்சாள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

“கோழி சொன்னபடி தை. கட்டத்துக்கு மேலை தாமரை தைச்சால் ஆருக்கடி தெரியும்? அதிலை கட்டத்தோடை நேர்த்தையல் ஓட்டு. வெள்ளையிலை மட்டும் தாமரை.”

“அந்தக் கோழியைத்தான் சம்பந்திக்குக் காய்ச்ச இருந்தனான்.”

“உன்னிலும் புத்தியான சீவனையோ?”

கண்டக்டரும் சிரித்துவிட்டார். இருவரும் முரசுமோட்டையில் இறங்கினார்கள். கோழி திங்கட்கிழமையைக் கண்டதா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.