அந்தத் தாய் ஏன் வரல

கையெழுத்தெல்லாம் வேணாங்க சார், பேனாவ மூடுங்க. மூணாங்கிளாசோட நின்னவ நானு. பின்னால வரிசையில ஆளு இருக்கா? இல்லியே, எல்லாம் பஜ்ஜி கடைக்குப் போயிட்டாங்க. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தக் கதைய எழுதுனது நீங்கதான? அப்ப சரி. வடக்கனந்தல் பக்கத்துலருந்து பஸ் புடிச்சு வந்திருக்கேன், உங்களத் திட்ட.

படிக்காம எப்டித் தெரியும்னா? நூறு நாள் வேலையில எங்க பொறுப்பாளரு எழில்மதின்னு ஒரு பொண்ணு. ஏரியில மண்ணு வெட்டிட்டு சோத்து நேரத்துல குந்துனா, போன வாரம் பூரா உங்க புக்கத்தான் படிச்சுக் காட்டுச்சு. ஒருத்திக்கும் சோறு எறங்கல. உங்க கதையில மலைக்காரப் பையன் கூடப் போன அந்தப் பொண்ணு புள்ள பெக்கும்போது செத்துப் போவுதுல்ல, அப்ப எங்ககூட மண்ணு வெட்டற விஜயலட்சுமி மாரடிச்சுக்கினு அழுவறா. அவளா! சொந்த மாமியா சாவுக்கு சீரியல் முடிச்சிட்டு வந்தவ சார் அவ.

சந்தோசப்படாதீங்க. அழ வச்சீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா பொணத்த எடுக்கற எடத்துல தாய் வரவில்லைன்னு எழுதிட்டு அடுத்த பக்கம் போயிட்டீங்களே, இன்னா எழுத்து சார் அது? மழைக்கு ரெண்டு பக்கம் எழுதத் தெரியுது. மாட்டுக்கு ஒரு பக்கம். பெத்தவளுக்கு ரெண்டே வார்த்தையா? அதக் கேட்டதும் மொத்தக் கூட்டமும் அவளத் திட்டுது. அவல்லாம் ஒரு பொம்பளையா, அவ வயித்துல இடி வுழன்னு. நானும் சேந்துதான் திட்டுனேன். மத்தவங்கள விட சத்தம் ஜாஸ்தியா.

தண்ணி எனக்கு வேணாம், நீங்க குடிங்க.

கல்லு மனசா? அப்டி நெனச்சுதான் எழுதுனீங்களா? எங்க ஊர்ல சாதி வுட்டுப் போன பொண்ணுக்கு இன்னா பண்ணுவாங்க தெரியுமா? வூட்டோட போயி ஏரியில தல முழுவணும். அவ செத்துட்டான்னு முழுவறது. ஒருக்கா முழுவிட்டா அப்பறம் நெசமாவே செத்தாலும் போவக் கூடாது, வாய்வுட்டு அழக் கூடாது. முழுவ மாட்டேன்னு நின்னாக்கா புடிச்சு உக்கார வச்சு ஊத்துவாங்க. யாரு ஊத்துனதுன்றீங்க? இதே விஜயலட்சுமிதான். ஊத்தி எட்டு வருசம் ஆவுது. இப்ப உங்க புக்குக்கு அழுவறா.

யாரு தலையிலயா? என் தலையிலதாங்க. சந்தியான்னு ஒரு பொண்ணு எனக்கு. அதுவும் பிரசவத்துலதான். வெள்ளிமலையிலருந்து வந்த ஆளு வரப்புல நின்னுக்கினு சேதி சொல்றான். நாங்க நாத்து நட்டுக்கினு இருந்தோம். மத்தவளுங்க கையெல்லாம் நின்னு போச்சு. எங் கையி நிக்கல சார். நிமிந்தும் பாக்கல. அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி நட்டு முடிச்சது நான்தான்.